தொண்ணூற்று மூன்று டிகிரி

"அப்பா, தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்? டீச்சர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

டக்ளஸின் பெட்டிக்கடைப் போனில் மகள் கீர்த்தனா இப்படிக் கேட்டதும் வேலுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடம் தேயிலை ஃபேக்டரி ட்ரையர் முன்னால் நின்று வெந்தவனிடம் சூட்டைப் பற்றி ஒரு கேள்வி!

"அரை மணி கழிச்சுக் கூப்புடு கண்ணு. அளந்தே சொல்றேன்!"

பச்சை இலை விலை படுத்ததில் ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்தது. மனைவி சுகுணா மகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். பூட்டுக்குக் காவலாக ஊட்டி பக்கத்துக் கிளென்மார்கனில் மிஞ்சியவன் வேலுசாமி. ஃபேக்டரிச் சங்கு ஊதாத மலையில் அவனுக்குக் கிழமையே பிடிபடுவதில்லை. போன் வந்திருப்பதாக டக்ளஸ் கத்தினால் அன்று ஞாயிறு, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அந்த போனிலும், "சாப்டியா கண்ணு? சரி, வெச்சிரட்டா?" என்பதோடு சரி. சொல்ல நெஞ்சு நிறைய இருக்கும், நாக்குதான் ஒத்துழைக்காது. சில வாரங்களாகப் பாடக் கேள்விகள் வரத் தொடங்கிய பிறகுதான் பேச்சு நீண்டது. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் அவன் வாரத்தை ஓட்டினான்.

ஃபேக்டரி தெர்மாமீட்டரை எடுத்து வந்து, கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தான்.

"தொண்ணூத்தி மூணு! பேனாவுலயே எழுது!"

போனை வைத்ததும் டக்ளஸ் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, நூறுண்ணே! எந்தப் புஸ்தகத்துலயும் நூறுதான். மலை மேல சீக்கிரமே கொதிச்சிரும்ணே."

வேலுசாமி அங்கேயே பேப்பரும் பேனாவும் வாங்கினான். மறுநாளே டீச்சருக்குக் கடிதம் போட்டான்: 'தப்பு என் பேரில். பிள்ளையை அடிக்க வேண்டாம். தாங்கள் ஒருமுறை மலைக்கு வந்து கொதிக்க வைத்துப் பார்க்கவும்.' கடைசி வரியைக் கேட்டுவிட்டு டக்ளஸ், டீச்சரையே வம்புக்கு இழுத்ததாகச் சொன்னபோது தபால் வண்டி போய்விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு: "தேயிலை மரமா, செடியாப்பா?"

"மரந்தான் கண்ணு! கவ்வாத்து பண்ணி வெட்டிவிட ஆளில்லாம லைன் வீட்டுக் கூரை உசரம் நிக்குது. அதுல ஒரு குருவி கூடுகூடக் கட்டியிருக்குது." கூட்டைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம் பேசினான்.

பிறகு ஊட்டிக்குப் போய்ப் பொது அறிவுப் புத்தகம் வாங்கிப் பார்த்தால், அதில் 'புதர்ச்செடி' என்று போட்டிருந்தது. போச்சு, அந்த மதிப்பெண்ணும் போச்சு.

மறு வாரம் புத்தகமும் கையுமாக நின்றான். கேள்வி வந்த வேகத்தில் பதிலைப் படித்தான். ஒரே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"புஸ்தகம் வேணாம்ப்பா... நீங்க பாத்ததச் சொல்லுங்க" என்றாள் கீர்த்தனா. குரல் கம்மியிருந்தது.

டீச்சர் அடித்திருப்பாள்! வேலுசாமிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மறுநாளே தெர்மாமீட்டரையும், சாட்சிக்கு ஒரு பாட்டில் கிளென்மார்கன் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு மலையிறங்கினான். பறிபோன மதிப்பெண்ணை வாங்கிக் கொடுக்காமல் மகள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போனான்.

வாசல் பூட்டியிருந்தது. உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அருக்காணி நிமிர்ந்தாள். அவன் தெர்மாமீட்டரை நீட்டி, மூச்சு வாங்க முழுக்கதையையும் சொன்னான். அவள் கம்பிக் கதவின் உள்பக்கம் கிடந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் எழுதியதுதான். பிரிக்கவே இல்லை.

"ஏனுங்க, அந்தப் பேசாத அப்பன் நீங்கதானுங்களா? பள்ளிக்கூடம் லீவு உட்டு ஒன்றரை மாசமாச்சுங்க. 'அக்கா, எங்கப்பாவப் பேச வெக்க இன்னொரு கேள்வி குடுங்க'ன்னு வாராவாரம் வந்து என்ற உசுர எடுக்குதுங்க உங்க புள்ள!"