எதனாலும் வகுபடாத முள்ளம்பன்றி

ஒரு காட்டில் குளங்களெல்லாம் வற்றி, ஒரே ஒரு சுனை மிஞ்சியது. அடிதடி வேண்டாமென்று சிங்கராஜா ஆளுக்கோர் எண் கொடுத்தார். எண் இரண்டால் வகுபட்டால் இரண்டாம் வரிசை, மூன்றால் வகுபட்டால் மூன்றாம் வரிசை. ஐந்துக்கும் ஏழுக்கும் தனித்தனி. விவரம் தெரிந்தவர்கள் குமாஸ்தா குரங்கின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அழுத்தி, நல்ல எண்ணாக வாங்கிக்கொண்டார்கள். சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி, பாவம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தது. 1,00,003.

"இது எந்த வரிசையிலயும் சேராதும்மா," என்றது குரங்கு.

"ஒண்ணால வகுபடுமேங்க?"

"வகுபடும். ஒண்ணாம் வரிசை ராஜாவோடது."

"புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. நம்பரையாவது மாத்திக் குடுங்க."

"அதுக்கு மனு குடுக்கணும். மனு குடுக்கவும் வரிசை இருக்கு. அதுலயும் வகுபடணும்."

பக்கத்துப் புதர் காட்டுப்பன்றியின் எண் 1,00,002. இரண்டு, மூன்று, ஏழு என மூன்று வரிசையிலும் நின்று வயிறு முட்டக் குடித்துவிட்டு, மிச்சத்தில் குளித்தது. சிலம்பாயிக்கு வயிறெரிந்தது.

சேதி கணக்குப் பேராசிரியர் ஆந்தையின் காதுக்குப் போனது. முந்நூற்றுப் பதினாறு வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். எதுவும் மீதியில்லாமல் போகவில்லை. அடுத்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 1,00,003-ஐத் தாண்டிவிடும், அதனால் அதற்குமேல் பார்க்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

"பகா எண்! ஆறிலக்கத்தில் முதல் பகா எண்! இது நம் காட்டின் சொத்து," என்று தழுதழுத்தார்.

"தண்ணி கெடைக்குங்களா, ஐயா?"

"பாராட்டு விழாவே கிடைக்கும்."

விழா நடந்தது. நரி போர்த்திய பொன்னாடை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஆந்தை பேசத் தொடங்கினார், முடிப்பதாகத் தெரியவில்லை. அப்போதுதான் சிலம்பாயி கவனித்தது. மேடை மேசையில், விருந்தினர் ஒவ்வொருவர் முன்பும் ஒரு தண்ணீர் பாட்டில். தன்னுடையதைக் குடித்தது. பேச்சில் மயங்கிக் கண்மூடியிருந்த நரியுடையதையும் கரடியுடையதையும் கிழிந்த பொன்னாடையில் சுற்றிக்கொண்டது. அன்றைக்குக் குட்டிகள் வயிறாரக் குடித்துவிட்டுத் தூங்கின.

அடுத்த வாரம் ஆந்தையின் கணக்குச் சங்கத்து ஆற்றங்கரைக் கிளை விழா எடுத்தது. அதற்கடுத்து மகளிர் அணி. கோடை முற்றி, சுனையும் வற்றி, காட்டுப்பன்றி மூன்று வரிசையிலும் வெறும் வாயோடு நின்றபோதும் மேடையில் மட்டும் பாட்டிலுக்குக் குறைவில்லை.

ஒருநாள் குரங்கு தானாகவே வீடு தேடி வந்தது. "உங்க மேல இரக்கப்பட்டு நம்பரை மாத்திட்டோம்மா. இனிமே ரெண்டால வகுபடும்."

சிலம்பாயி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டது. "வேண்டாஞ்சாமி. புள்ளகுட்டிக்காரி நான், என் வயித்துல அடிக்காதீங்க."

நீதி: வரிசையில் இடம் கிடைக்காதவர்கள் நியாயம் கேட்டு அலைய வேண்டாம், மேடையேறுங்கள், தண்ணீர் அங்கேதான் இருக்கிறது.