ஆறு வரிப் பாராட்டு

ப்ரூயிட்டைப் பற்றி நல்லதாக ஆறு வரி வேண்டும். சார்ஜென்ட் ஆரின் பெடோஸ் காலையிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயரை எழுதியாகிவிட்டது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

டெக்சஸ் வெயிலில் வேகும் அந்த ராணுவக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. அடுத்த மாதம் தணிக்கை. தேறினால் பதவி உயர்வு; இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை இதே தகரக் கூரை, இதே சம்பளம். லானி ப்ரூயிட் என்கிற சிப்பாய் அங்கே வேலை பார்க்கும்வரை எந்தத் தணிக்கையிலும் தேற முடியாது என்பது பெடோஸுக்கு நிச்சயம்.

நல்லவேளையாக, சாலைக்கு அந்தப் பக்கமிருந்த பட்டாலியன் கிடங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த சார்ஜென்ட் மேஜர் வினோனா ஸ்ட்ராண்ட், "பதக்கம் வாங்கின ஆளா இருந்தா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, ப்ரூயிட்டைக் கிளப்ப வேண்டுமானால் முதலில் அவனுக்குப் பாராட்டுப் பதக்கம் வாங்கித் தர வேண்டும். பதக்கத்துக்குப் பாராட்டுரை வேண்டும். சனியனைத் தொலைக்க அதற்கே ஆரத்தி எடுக்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தார் பெடோஸ்.

"ப்ரூயிட்! இங்க வாடா."

வந்தான். சட்டையெல்லாம் டோனட் சர்க்கரை.

"இத்தனை நாள்ல உருப்படியா என்ன பண்ணினே? சொல்லு."

வெகுநேரம் யோசித்தான். "சரக்கு தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன், சார்ஜென்ட்."

"ஓட்டி?"

"சுவத்துல விட்டேன்."

"அந்த ஓட்டை வழியாத்தான் தினமும் வர்றேன். வேற?"

"பனி பூட்ஸ் நானூறு ஜோடி வரவழைச்சேன்."

"நான் கேட்டது கூடாரம்டா! டெக்சஸ்ல எவன்டா பனி பூட்ஸ் போடுவான்?"

"ஒருநாள் பனி கொட்டாதுன்னு யார் கண்டா, சார்ஜென்ட்?"

பெடோஸ் எழுதினார்: 'சொந்த முயற்சியில் கிடங்கின் வாசலை விரிவாக்கினார். எல்லாத் தட்பவெப்பத்துக்கும் படையைத் தயார்ப்படுத்தினார்.' இதில் பொய் எதுவும் இல்லை. பாராட்டுரை எழுதிப் பழகியவர்களுக்குத் தொழில் ரகசியம் தெரியும்: நடந்ததை எழுதலாம், நடந்தபடி எழுதக் கூடாது.

கேப்டன் ஹாஸ்கல் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சப்புன்னு இருக்கே, பெடோஸ். இவனால ராணுவத்துக்கு என்ன பலன்? அதைப் போடு."

பலனுக்கு எங்கே போவது? நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது பெடோஸுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ப்ரூயிட் விடுப்பில் போயிருந்த மாதம் கிடங்கில் ஒரு கீறல்கூட விழவில்லை. உடனே எழுதினார்: 'இவர் எடுத்த முடிவால் விபத்துகள் ஒரு மாதம் அடியோடு நின்றன.'

கேப்டனின் புருவம் ஏறியது. "இவ்வளவு கெட்டிக்காரனா? என் கண்ணுல படவே இல்லையே! கிடங்குச் சாவியை இவன் கையில குடு."

"சார், அவன் போகப் போறவன்..."

"போற வரைக்கும் வச்சிருக்கட்டும்!"

மாலைக்குள் சாவி தொலைந்தது. பூட்டை அறுக்க இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ப்ரூயிட்டே போனான். பெடோஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது பூட்டு அப்படியே தொங்கியது. கதவுதான் கீழே கிடந்தது.

"என்னடா இது?"

"வாசலை விரிவாக்கினேன்னு நீங்க எழுதியிருக்கீங்களாமே, சார்ஜென்ட். கேப்டன் படிச்சுக் காட்டினார். அப்படியே உற்சாகம் வந்துடுச்சு."

இனி தாமதித்தால் கூரையும் போய்விடும். பெயரையும் சேர்த்து நான்கு வரி ஆகிவிட்டது; பாக்கி இரண்டே வரி. முத்தாய்ப்பாக இருக்க வேண்டும். பெடோஸ் தலையைத் தூக்கி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன்னுடைய பாராட்டுரையைப் பார்த்தார்.

நான்கு வருடத்துக்கு முன் அவரும் அந்த ஸ்ட்ராண்டிடம்தான் வேலை பார்த்தார். கிளம்பும்போது அந்த அம்மாள் தன் கையால் எழுதித் தந்த பாராட்டு அது. பதக்கத்தைக் குத்திவிட்டபோது அவர் கண் கலங்கியதை பெடோஸ் இன்றுவரை மறக்கவில்லை. மனம் சோர்ந்தபோதெல்லாம் கடைசி இரண்டு வரியைப் படித்துக்கொள்வார்: 'இவர் செய்ததை இனி ஒருவர் செய்ய முடியுமா என்பது சந்தேகமே. இவர் எங்களைப் பிரியும் நாளை நாங்கள் ஒருபோதும் மறக்க மாட்டோம்.'

அந்த இரண்டு வரியையும் அப்படியே ப்ரூயிட்டுக்கு எழுதிவிட்டார். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தகுதியுள்ளவனுக்கு எழுதியதைத் தூக்கி இந்தத் தறுதலைக்குக் கொடுக்கிறோமே என்ற வருத்தம்.

பாராட்டுரை மேலிடத்தில் எந்த மேசையிலும் நிற்காமல் கையெழுத்தாகி வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரும் வெயிலில் விறைத்து நிற்க, கேப்டன் உரக்கப் படித்து ப்ரூயிட் நெஞ்சில் பதக்கத்தைக் குத்தினார். ப்ரூயிட் பெடோஸின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான்.

"எங்கப்பாகூட என்னை இப்படிச் சொன்னதில்ல, சார்ஜென்ட். உங்களை விட்டுப் போகவே மனசில்ல."

"அப்படியெல்லாம் சொல்லாதடா!" என்று பதறினார் பெடோஸ். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, விடுதலை கிடைத்த சந்தோஷத்தில்.

ஆனால் மாற்றல் உத்தரவு வரவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. தணிக்கை நெருங்கியது. ப்ரூயிட் பதக்கத்தைத் தடவியபடி கிடங்கின் பின்சுவரை அளந்துகொண்டிருந்தான். பெடோஸ் பொறுக்க முடியாமல் தலைமை அலுவலகத்துக்கு ஓடினார். மாற்றல் வேலையைப் பார்க்கும் டெலோரஸ் அம்மாள், பத்து கமாண்டர்களைப் பார்த்தவர், டோனட் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"டெலோரஸம்மா, ப்ரூயிட் மாற்றல் என்னாச்சு?"

"ஸ்ட்ராண்ட் வேண்டாம்னுட்டா, கண்ணு."

"பதக்கம் வாங்கினவன் வேணும்னு அவங்கதானே கேட்டாங்க!"

"கேட்டா. பாராட்டுரையையும் படிச்சா. கடைசி ரெண்டு வரிக்கு வந்ததும் சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, காபியெல்லாம் மேசையில! 'எனக்கேவா? ஒரு தண்டத்தைத் தள்ளிவிடறதுக்கு நானே மண்டையை உடைச்சு எழுதின வரியாச்சே இது'ன்னா."

பெடோஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா! இப்ப எங்கம்மா இருக்கான் அந்தத் தண்டம்?"

டெலோரஸ் அம்மாள் டோனட் பெட்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"ப்ரூயிட்டுக்கு மேலதிகாரியா இருக்கான், கண்ணு."