கமிட்டி முன்னால் ஒரு கணவன்

பத்தொன்பது வருடம் ஒரே பெண்ணோடு குடும்பம் நடத்தியவன் என்ற தைரியம் எனக்கு இருந்தது. கோவை மருத்துவமனை ஒன்றில் மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார்கள். தைரியம் போய்விட்டது.

எனக்குத் திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பேன். நாற்பத்தைந்து வயதில் ஈரல் சுருங்கிப்போனது. (குடியால் அல்ல, கொழுப்பால். சத்தியம் செய்து சொன்னாலும் சொந்தக்காரர்கள் "சரி, சரி" என்பார்கள்.) மாற்று ஈரல்தான் வழி என்று டாக்டர் சொன்னதும், என் மனைவி சுமதி, "என்னோடதுல பாதி எடுத்துக்கங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பவள் மாதிரி.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. நாங்கள் உண்மையிலேயே கணவன் மனைவிதானா, அவள் மனமொப்பித்தான் தருகிறாளா என்று ஒரு கமிட்டி விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ஆபரேஷன் கிடையாது. விழுந்து விழுந்து படித்தேன். நோயின் பெயர், ரத்த அளவுகள், மாத்திரைகள் எல்லாம் மனப்பாடம். யாரும் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

நடுவில் இருந்த அம்மையார் எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்.

"இதுல மாப்பிள்ளை யாருங்க?"

"நான்தானுங்க."

படத்தில் சுருள்முடியும் ஒட்டிய வயிறுமாக ஒருவன். எதிரில் மஞ்சள் கண்ணும் நீர் கோத்த வயிறுமாக நான். அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆல்பத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார்.

"உங்க மனைவி பிறந்த தேதி?"

"மழைக்காலமுங்க."

"எந்த மாசம்?"

"ஐப்பசி. கார்த்திகைன்னும் சொல்லலாமுங்க."

"எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

"நல்லாப் படிப்பாளுங்க."

"அவங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு?"

இது தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கோழிக்குழம்புங்க. நான் ஊட்டுக்கு வந்தாப் போதும், தெனமும் அதுதான் வைப்பா."

(ஈரல் கெட்டால் மூளையும் மந்தமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழியை ஈரல் மேல் போடலாம். ஆனால் ஈரல் நன்றாக இருந்த காலத்திலும் எனக்கு இதெல்லாம் தெரியாது.)

அம்மையார் பேனாவை மூடி வைத்து, "கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

அடுத்து சுமதியைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நோய்தான் என்னைக் கொல்லும் என்று நினைத்திருந்தேன். என் பதிலே கொன்றுவிடும் போலிருந்தது. அரை மணி கழித்து என்னையும் உள்ளே அழைத்தார்கள்.

அம்மையார் சுமதியிடம், "இவர் சொன்னது ஒண்ணும் ஒத்துவரலீங்களே. உங்களுக்குக் கோழிக்குழம்பு பிடிக்கும்ங்கறார்" என்றார்.

"நான் கறி தின்னு பதினோரு வருசமாச்சுங்க. அவருக்குப் புடிக்கும்னு வைக்கறது."

"நீங்க பிறந்த மாசம்கூடத் தெரியலை." (அவள் பிறந்தது சித்திரை வெயிலில்.) "அப்படிப்பட்டவருக்கு எதுக்குங்க குடுக்கறீங்க?"

சுமதி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊட்ல இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க. எங்களுக்காகத்தான் வெளியூர்லயே கெடந்தாரு. பொழச்சு வரட்டுமுங்க, கத்துக்குவாரு."

நான் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்தால் நடிப்பு என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் துடைக்கவில்லை. இரண்டு நாளில் அனுமதி வந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்று வருடமாகிறது. காலை எட்டு, இரவு எட்டு என்று மணி தவறாமல் மாத்திரை. கொதித்து ஆறிய தண்ணீர். கூட்டத்துக்குப் போனால் முகக்கவசம். ரிக்கை விட்டுவிட்டு உள்ளூரிலேயே உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சுமதிக்குப் பிடித்தது பச்சைப்பயறு கடைசல். ஞாயிற்றுக்கிழமை நானே கடைகிறேன். "புடிச்சதைச் சொன்னது தப்பாப் போச்சு" என்கிறாள்.

விஷயம் எப்படியோ சொந்தத்தில் பரவிவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடித்ததும் மேடையில் யாராவது ஒருவர் குனிந்து கேட்கிறார்: "மாப்ள, பொண்ணு பொறந்த தேதி தெரியுமுங்களா? பின்னால தேவைப்படும்."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. நான் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொள்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் சுமதிதான்.