பெலிக்கன் பள்ளிக்குப் பூக் கேட்ட கதை

நவநீதன் ஒரு சபதம் எடுத்தான்.

சபதம் எடுப்பது அவனுக்குப் புதிதல்ல. காப்பியை விடுவது, காலையில் எழுந்து ஓடுவது என்று பல சபதங்களை எடுத்திருக்கிறான். எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தும் இருக்கிறான். ஆனால் இது அப்படிப்பட்டதல்ல. தன் மகள் காவியா, தான் பட்ட பாட்டைப் படக்கூடாது.

அவன் பட்ட பாடு இதுதான். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் நேர்காணலில் அவனைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவன் "தேங்க் யூ சார்" என்றான். எழுந்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டான். இப்போது கடத்தூரில் ஒரு சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை. தக்காளித் தோட்டத்துக்காரர்கள் அவனைப் பற்றிக் கேட்பதில்லை. குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று மட்டும்தான் கேட்பார்கள். அதற்கு அவன் தமிழிலேயே பதில் சொல்லிவிடுவான்.

"காவியாவ இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேக்கறேன்" என்று அறிவித்தான்.

தருமபுரி போகும் வழியில் புதிதாக வந்திருந்தது, ப்ளூ பெலிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல். அவன் அம்மா மாதம்மாள் இதைக் கேட்டதும் சந்தைக்குப் போனாள். அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் செய்தி கொசுறாகக் கிடைத்தது.

அவன் மனைவி தேவிப்பிரியா எம்.எஸ்சி. கணிதம் படித்து, பி.எட்.டும் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கணிதம் கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று பார்க்க மட்டும் பயன்பட்டது.

"பெலிக்கன்னா என்னங்க?"

"ஏதோ வெளிநாட்டுப் பறவை."

அவள் போனில் தேடிப் பார்த்தாள். "கூழைக்கடாங்க. நம்மூரு ஏரிக்கும் வருமாம்."

"அழகா இருக்குதா?"

"வாய்க்குக் கீழ ஒரு பை தொங்குது. பை நல்லாப் பெருசா இருக்குதுங்க."

அந்தப் பைக்கு அர்த்தம் அவனுக்குச் சனிக்கிழமைதான் புரிந்தது. கணவன், மனைவி, காவியா மூவரும் பள்ளிக்குப் போனார்கள். வரவேற்பறை ஏசியில் காவியா தும்மினாள். அட்மிஷன் பார்க்கும் ஜாஸ்மின் மேடம் சிரித்த முகமாக ஃபீஸ் விவரம் எழுதிய தாளை நீட்டினார். நவநீதன் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பரவால்லீங்களே மேடம். வருசத்துக்கு இவ்வளவுதானா?"

"அது டேர்ம் ஃபீஸ் சார்."

"ஓ. டேர்ம்னா?"

"வருசத்துக்கு மூணு டேர்ம் சார்."

மலர்ந்த முகம் கொஞ்சம் கூம்பியது. "சரிங்க மேடம். மூணு டேர்ம் கட்டிட்டா முடிஞ்சிதுங்களா?"

"ட்யூஷன் ஃபீஸ் முடிஞ்சிது சார். அட்மிஷன் ஃபீஸ் தனி. காஷன் டெபாசிட் தனி. ஆக்டிவிட்டி ஃபீஸ் தனி."

"ஆக்டிவிட்டின்னா என்னங்க மேடம்?"

"பிள்ளைங்க ஓடும், ஆடும், விளையாடும் சார்."

"இப்பவே ஓடிட்டுத்தான் இருக்குது மேடம்" என்றான் அவன். காவியா அறையை மூன்றாவது முறை சுற்றிக்கொண்டிருந்தாள். காசில்லாமல்.

"இந்த டெபாசிட் திரும்பக் கெடைக்குங்களா?"

"கண்டிப்பா சார். பாப்பா பிளஸ் டூ முடிச்சி வெளிய போறப்ப."

காவியாவுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை.

"குதிரை ஏத்தம்னு போட்டிருக்குதே மேடம்?"

"அது ஆப்ஷனல் சார். ஏறினாத்தான் ஃபீஸ்."

"ஏறாம, தூரமா நின்னு பாத்தா?"

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஃப்ரீ."

அந்தப் பள்ளியில் இலவசமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் அவன் எழுந்தான். தனக்குச் சம்பளம் சொட்டுநீரில் வருகிறது, இங்கே மதகைத் திறந்துவிட்டுப் பாய்ச்சச் சொல்கிறார்கள் என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. மகளோடு வெளியே வந்து வண்டியை எடுத்தான். காவியாவின் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோம் என்று தேவிப்பிரியா உள்ளே போனாள். ஒரு பாட்டிலை எடுக்க ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் கழித்து வந்தாள்.

பாதி வழியில் சொன்னாள். "ஏங்க, அந்த மேடம் நான் என்ன படிச்சிருக்கறேன்னு கேட்டாங்க."

"ம்."

"அங்க மேத்ஸ் டீச்சர் எடம் காலியா இருக்குதாம். டீச்சருங்க பிள்ளைங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் கெடையாதாம்."

வண்டி மெதுவானது.

"அதெல்லாம் சரிப்படாது பிரியா. காலைல வூடு என்னாவறது? சோறு யாரு ஆக்கறது? பாப்பாவுக்கு யாரு சடை போடறது?"

"அத்தை இருக்காங்களே."

"அம்மா மாட்டப் பாப்பாங்களா, இதப் பாப்பாங்களா?"

"நீங்க இருக்கறீங்களே."

வண்டி நின்றே விட்டது. பெட்ரோல் தீரவில்லை. பேச்சுத்தான் தீர்ந்தது. அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. மனைவி சண்டை போட்டால் அன்றைக்குள் முடிந்துவிடும், பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று கல்யாணமான எல்லாருக்கும் தெரியும். நவநீதனுக்கும் தெரியும். ஆனால் அவன் தலைக்குள் அப்போது பெலிக்கன் பறந்துகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் அட்மிஷன் ஃபீஸ் கட்டியாக வேண்டும். கட்ட முடியாது. கட்ட முடியாது என்று சொல்லவும் முடியாது. சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மாமனார் போன் போட்டு, "மாப்ள, இன்டர்நேசனலாமே!" என்று சந்தோஷப்பட்டார். தன் வாயால் வேண்டாம் என்று சொன்னால் மானம் போகும். வேறு யாராவது சொல்ல வேண்டும். யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தராக அவர் இருக்க வேண்டும்.

அப்படி ஒருத்தர்தான் இருந்தார். குலதெய்வம் சென்றாயப் பெருமாள்.

"நல்ல காரியம். பெருமாள்கிட்ட பூப் போட்டுக் கேட்டுட்டுச் சேத்தலாம்" என்றான் பக்தியோடு.

தேவிப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கோயிலுக்குக் கூப்புட்டா ஆபீசுல வேலை இருக்குதும்பீங்களே?"

"பொண்ணு படிப்பு விசயம் பிரியா. வெளையாடக்கூடாது."

மாதம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மவனுக்கு இப்பத்தாஞ் சாமி கண்ணத் தொறந்துது" என்றாள்.

அவர்கள் குடும்பத்தில் பூக் கேட்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வெள்ளைப்பூ, ஒரு சிவப்புப்பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒன்றுபோல் தெரியும்படி நாரால் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. பொட்டலம் கட்டுவது வீட்டுக்காரர். கேள்வி கேட்பது வீட்டுக்காரி. தப்புத்தண்டா நடக்கக்கூடாது என்று பெரியவர்கள் அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள்.

நவநீதன் நல்லவன். அரசு மானியத்துக்குக் கணக்கு எழுதும்போது ஒரு மீட்டர் குழாய்கூடக் கூட்டி எழுதாதவன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசல் செடிகளிடம் போனான். செவ்வரளியில் ஒரு பூ பறித்தான். மடித்தான். கட்டினான். சுற்றுமுற்றும் பார்த்தான். செவ்வரளியிலேயே இன்னொரு பூ பறித்தான். மடித்தான். கட்டினான்.

"பெருமாளே, நீயா இருந்தாலும் இந்த ஃபீசுக்கு இதத்தான் சொல்லியிருப்ப. உனக்கு வேலையக் கொறைக்கறேன், அவ்வளவுதான்" என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சற்றுத் தள்ளி தேவிப்பிரியா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நந்தியாவட்ட நல்லாப் பூத்திருக்குதுங்க" என்றாள்.

"ஆமாமா" என்று அவன் உள்ளே ஓடிவிட்டான்.

கோயிலில் பூசாரி பச்சியப்பன் தீபம் காட்டிப் பொட்டலங்களைப் பெருமாள் காலடியில் வைத்தார். நவநீதன் மனைவியின் காதருகில் குனிந்தான்.

"பெலிக்கன் இஸ்கூல்ல சேக்கலாமான்னு கேளு. அவ்வளவுதான்."

"சரிங்க."

"வாய் விட்டுக் கேளும்மா. சாமிக்குக் காது கேக்கணும்" என்றார் பூசாரி.

தேவிப்பிரியா கைகூப்பினாள். கண்ணை மூடினாள். கோயில் வாசலில் படுத்திருந்த ஆட்டுக்கும் கேட்கும் குரலில் கேட்டாள்.

"பெருமாளே! நான் படிச்ச படிப்ப மூட்ட கட்டி வெச்சிட்டு, வேலைக்குப் போவாம வூட்டுலயே இருக்கட்டுமா? இருக்கச் சொன்னீன்னா வெள்ளையக் குடு. இருக்க வேண்டாம்னு சொன்னீன்னா செவப்பக் குடு."

நவநீதன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. முதல் நேர்காணலுக்குப் பிறகு அவனுக்கு இப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

காவியா ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி நாரை அவிழ்த்தார். இலை விரிந்தது. செக்கச்செவேல் என்று செவ்வரளி.

"செவப்பு!" என்றார் பூசாரி. "வூட்டுல இருக்க வேண்டாங்குதும்மா சாமி."

மாதம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகள் வேலைக்குப் போவதை அதுவரை ஒத்துக்கொள்ளாதவள், "சாமியே சொல்லிப்போட்ட அப்பறம் நான் யாரு? போயிட்டு வா புள்ள" என்றாள்.

"பிரியா, இஸ்கூலப் பத்திக் கேக்கவே இல்லியே!" நவநீதனுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது.

"அய்யோ, ஆமாங்க. அதுக்கென்ன, இன்னொரு பொட்டலம் இருக்குதே?" அவள் அதை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ஒண்ணு செவப்பு. அப்ப இதுல வெள்ளதான இருக்கும்? பூசாரி ஐயா, இதப் பிரிச்சிப் பாக்கலாங்களா?"

"தாராளமாப் பாக்கலாம்மா. மனசுக்குச் சமாதானமா இருக்கும்."

அவள் விரல் நாரின் முடிச்சுக்குப் போனது.

"வேண்டாம்!"

அவன் கத்திய கத்தலில் ஆடு எழுந்து போய்விட்டது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பூசாரி, அம்மா, காவியா. பெருமாளும் பார்த்ததாகத்தான் அவனுக்குத் தோன்றியது.

"அது... சாமி ஒருதடவ சொன்னாப் போதும். மறுபடி மறுபடி கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்."

"அதுவுஞ் சரிதாங்க" என்றாள் தேவிப்பிரியா. பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். "வூட்டுல சாமி மாடத்துல வெச்சிடறேன். எப்பவாவது சந்தேகம் வந்தாப் பிரிச்சிப் பாத்துக்கலாம். என்னங்க?"

அம்மா பூசாரியோடு பேசிக்கொண்டு கோயிலிலேயே நின்றுவிட்டாள். திரும்பி வரும்போது வண்டியில் அவன் கேட்டான். "உனக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"என்னங்க தெரிஞ்சிது?" என்றாள் அவள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நம்ம வாசல்ல வெள்ளப்பூன்னா அந்த நந்தியாவட்ட மட்டுந்தான். அதுல ஒரு பூகூடக் கொறையல. அதான் நல்லாப் பூத்திருக்குதுன்னு சொன்னேன்" என்றாள்.

ஜூன் மாதம் பிறந்தது. தேவிப்பிரியா டீச்சர் ஆனாள். காவியா பெலிக்கன் ஆனாள். ட்யூஷன் ஃபீஸ் இல்லை. மிச்ச ஃபீஸைப் பள்ளி மாதாமாதம் தேவிப்பிரியாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. காவியா தினமும் குதிரையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, அது ஆங்கிலத்தில் கனைக்கிறது என்றாள். மாதம்மாள் சந்தையில், "எம் மருமவ அந்த இஸ்கூல்லயே டீச்சரு" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

காலை வேளை மட்டும் நவநீதனிடம் வந்து சேர்ந்தது. இட்லி அவன். சட்னி அவன். டிபன் டப்பா அவன். ரெட்டைச் சடையும் அவன்தான். இடது சடை எப்போதும் வலது சடையைவிட மேலேயே நிற்கும். பாசனக் குழாயில் இணைப்புப் போடுகிற கைக்கு ரிப்பன் முடிச்சு அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை.

எப்போதாவது அவன் முணுமுணுப்பான். "ஆம்பள செய்யற வேலையா இது?" தேவிப்பிரியா சாமி மாடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அவன் அடுத்த சடைக்குப் போய்விடுவான்.

அவனுக்கும் ஒரு நாள் வீரம் வந்தது. அவள் குளிக்கப் போன நேரம். அம்மா மாட்டுக்கொட்டகையில். நவநீதன் மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தான். இதைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் அவளிடம் என்ன சாட்சி இருக்கிறது? ரெட்டைச் சடைக்கு விடுதலை. இட்லிக்கு விடுதலை. கொல்லைப்பக்கம் போனான். போடுவதற்கு முன்னால், தான் செய்த பாவத்தைக் கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்று நாரை அவிழ்த்தான்.

இலை காயவே இல்லை. பச்சையாக இருந்தது. உள்ளே, அன்று காலையில் பறித்த வெள்ளை நந்தியாவட்டை ஒன்று சிரித்தது.

"மாடத்துல பூ மாத்தறப்ப அதையும் தெனம் மாத்திடுவேங்க, அத்தை பிரிச்சிப் பாத்தாலும் வெள்ளதான இருக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தேவிப்பிரியா ஈரத்தலையில் துண்டோடு நின்றிருந்தாள். "உங்க செவப்பு பீரோவுல பத்திரமா இருக்குது. சட்னிக்குத் தேங்கா துருவிட்டீங்களா?"