மூடாத ஜன்னலுக்கு ஒரு திரை

உலகத்தில் ஜன்னல் திரை வாங்குகிறவர்கள் உண்டு. ஜன்னல் திரை தேர்ந்தெடுக்கிறவர்கள் என்று ஒரு தனி இனமும் உண்டு. முதல் வகையினர் கடைக்குப் போவார்கள், அளவு சொல்வார்கள், துணியோடு வருவார்கள், மாட்டிவிட்டுக் காப்பி குடிப்பார்கள். இரண்டாம் வகையினர் கடைக்குப் போவார்கள். அவ்வளவுதான். மறுபடியும் போவார்கள்.

இந்த இனம் எங்கள் ஹாலந்தில், அதிலும் ஜெர்மனி எல்லையை ஒட்டிய எங்கள் ஆல்டன் ஊரில் செழித்து வளர்கிறது. வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் தெருவில் யாரும் திரையை மூடுவதே இல்லை. தெருப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்; அதன் விளிம்பில் ஜோடியாக இரண்டு பூஞ்சாடி; உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு நாங்கள் உருளைக்கிழங்கு சாப்பிடுவதையும், டிவி பார்ப்பதையும், புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் போகிற வருகிற யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் எதற்குத் திரையை இழுக்கிறான் என்பது எங்கள் கட்சி. ஆகவே திரை என்பது ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் ஆயுள் முழுக்கச் சும்மா தொங்குவதற்கு. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் பட்டப்பகலில் இழுத்து மூடுவோம். பழைய வழக்கம்தான், எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை.

மூடவே போகாத அந்தத் துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதர் எட்டு மாதம் எடுத்துக்கொள்வாரா? எடுத்துக்கொண்டார். அவர் பெயர் யோஸ்ட். இதை எழுதுவதும் அவர்தான்.

எங்கள் இனத்தை அடையாளம் காண்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் நாங்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஜன்னலோரம் போய், வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே, இரண்டு விரலால் திரையைக் கிள்ளிப் பார்ப்போம். குனிந்து அடி மடிப்பைத் திருப்புவோம். உள்துணி உண்டா என்று தடவுவோம். தரைக்கும் துணிக்கும் நடுவே எத்தனை விரல் இடம் என்று ஷூவின் நுனியால் அளப்போம். எங்கள் சட்டைப் பையில் மூக்குத் துடைக்கும் கைக்குட்டை இருக்காது. சாம்பிள் துணி இருக்கும். சில நாள் அதிலேயே துடைத்தும் விடுவோம்.

கடைக்கார ஹெர்மீன் அம்மாளுக்கு என் சைக்கிள் மணிச் சத்தமே போதும், தலைவலி மாத்திரையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

"இதுவும் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா மழை வெளிச்சத்துல எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"போன வாரம் முழுக்க மழைதானேங்க?"

"அது தூறல்."

மணல் நிறம், ஈர மணல் நிறம், சாயங்கால மணல் நிறம் என்று மூன்று துண்டுகள் மட்டும் கடைசிச் சுற்றுக்கு வந்தன. வீட்டு ஜன்னலில் குண்டூசியால் குத்தி வைத்து, காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, சோபாவில் உட்கார்ந்து, நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். என் மனைவி அலீடா வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மூணும் ஒரே கலர், யோஸ்ட்."

"உனக்கு அப்படித்தான் தெரியும்."

"சரி. எனக்கு வர்ற மாசம் ஐம்பது ஆகுது. அன்னிக்கு இங்க திரை தொங்கலேன்னா விருந்து எங்க அக்கா வீட்டுல. நீ உன் துண்டுத் துணிங்களைச் சுத்தி உக்கார வச்சுக் கேக் குடு."

எங்கள் ஊர்ப் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காப்பியும் ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக்கும். அதை அக்கா வீட்டில் வைத்தால் தெருவே கேள்வி கேட்கும். பயந்துபோய் ஈர மணலுக்கு ஒப்புக்கொண்டேன்.

தைத்த திரை பிறந்தநாளன்று காலையில்தான் வந்தது. அலீடா கேக் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மாட்டினேன். ஓரமாகத் தொங்கினால் மடிப்புதானே தெரிகிறது, முழுத் துணியையும் பார்க்க வேண்டாமா? இழுத்து மூடினேன். தெருவில் இறங்கி நின்று பார்த்தேன். உள்துணியில் லேசாக ஒரு மஞ்சள். எனக்கு மட்டும் தெரிந்த மஞ்சள். மிச்சத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, சைக்கிளை மிதித்துக் கடைக்குப் பறந்தேன். திரையைத் திறக்க மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு டெர்க் அதைப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் முதல் அண்டைவீட்டுக்காரர் என்பது ஒரு பதவி. சாவு விழுந்தால் தெருவுக்குச் சொல்வது, காப்பி போடுவது, அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு; வீட்டாருக்கு அழுகிற வேலை மட்டும்தான். மூடிய திரை, தலையைக் குனிந்து ஓடிய நான், வீட்டில் காணாத அலீடா. டெர்க் கணக்குப் போட்டுக் கறுப்புக் கோட்டை மாட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து நான் திரும்பி வந்தபோது பூட்டாத பின்கதவு வழியாக வந்த பன்னிரண்டு பேர் சமையலறையில் கறுப்பில் நின்றார்கள். டெர்க் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கோ, யோஸ்ட். எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"என்னன்னு?"

"அலீடா போயிட்டான்னு."

கால்வாய் ஓரச் சாலை, கார், ஈரத் தார் என்று எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் வந்தன. கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. அது என்ன நிறம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. அது மட்டும்தான் தோன்றியது. விம்மி விம்மி அழுதேன்.

பின்கதவு திறந்தது. கையில் கேக் பெட்டியோடு அலீடா.

"ஐயையோ, யாரு செத்தாங்க?"

பதவியில் இருப்பவர் டெர்க் என்பதால் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நீதாம்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"மூடுனியா?"

"மூடினாத்தானே முழுசாத் தெரியும்..."

"எட்டு மாசம் யோசிச்சு ஒரு திரை போட்ட. அதுலயே என்னைப் போட்டுத் தள்ளிட்ட!"

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் பன்னிரண்டு பேரும் கறுப்பு உடையிலேயே வட்டமாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்கள். டெர்க்கின் மனைவி மட்டும், துக்கத்துக்கு இந்தத் திரையின் நிறம் கொஞ்சம் வெளிறல் என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

எல்லோரும் போன பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"உனக்கு எது பிடிச்சிருந்தது?"

"திரையே இல்லாம இருந்ததுதான். எதிர் மரம் முழுசாத் தெரிஞ்சுது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் செல்போனில் எத்தனை தரை டைல்ஸ் படம் இருக்கிறது? அலமாரிக் கைப்பிடிக்குக் கொழுந்தனாரிடம் கேட்டீர்கள், ஆபீசில் கேட்டீர்கள், கடைக்காரரை மூன்று முறை கேட்டீர்கள். வீட்டில் இருப்பவரைக் கேட்டீர்களா? நான் அந்த ஜாதியே இல்லை என்றுதானே சொல்கிறீர்கள்? நல்லது. ஆனால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் ஜன்னலோரம் கொண்டுபோய், வேறு வெளிச்சத்தில் இன்னொரு முறை படித்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றினால், ஆல்டனுக்கு வாருங்கள். எங்கள் வட்டத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.