ஐந்து சொல்லுக்கு மேல்

ஸ்லைடு காட்டி விளக்காமல் எந்தப் பணியும் தொடங்கப்படலாகாது என்று மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அன்றிலிருந்து எங்கள் நகராட்சியில் எந்தப் பணியும் தொடங்கப்படவில்லை. ஸ்லைடு செய்யவே நேரம் சரியாக இருந்தது.

பல்கேரியாவில் நாலு பக்கமும் மலை சூழ்ந்த சின்ன ஊர் எங்களுடையது. மார்ச் மாத வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் போய்விட்டது. பள்ளிக்கூடம் அக்கரையில். என் மகள் யானா மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடக்கிறாள். தினமும் சாயங்காலம் சேற்று ஷூவோடு வந்து நின்று, "அப்பா, பாலம் எப்ப?" என்பாள். அப்பன் நகராட்சியில் எழுத்தர், ஒரு நாள் பாலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான் என்று அவளுக்கு நினைப்பு.

துணை மேயர் திரகானோவ் என்னைக் கூப்பிட்டார்.

"ரூமென், பாலத்துக்கு ஸ்லைடு வேணும். வெள்ளிக்கிழமை ஒப்புதல் குடுக்குற ஆணையம் வருது."

"இடிஞ்ச பாலத்துப் போட்டோ இருக்குங்கய்யா. அளவெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்."

"யோவ், சொந்தமா யோசிச்சு மாட்டிக்காத! உலகம் பூரா யோசிச்சு, எல்லாத்தையும் அந்த ஸ்லைடு பகிர்ற தளத்துல போட்டு வெச்சிருக்கான். எடு, மெருகேத்து."

எடுத்தேன். போர்ச்சுகலில் ஏதோ கடலோர ஊர் செய்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்தது. அடடா, என்ன அழகு! பொத்தானைத் தொட்டால் அம்புகள் பறந்து வந்து உட்கார்ந்தன. ஊர்ப் பெயரை மாற்றினேன். நடுவில் எங்கள் பாலத்தின் படத்தையும் அளவையும் சொருகினேன். மெருகேற்றுவது எப்படி என்று அதே தளத்தில் தேடினால், அதற்கும் ஒரு ஸ்லைடு இருந்தது. 'ஒரு ஸ்லைடில் ஐந்து சொல்லுக்கு மேல் ஆகாது.' அந்த வாக்கியத்திலேயே ஆறு சொல் இருந்ததை யாரும் எண்ணவில்லை. துணை மேயர் பரவசமாகி, மீறியதையெல்லாம் தம் திருக்கரத்தாலேயே நீக்கியருளினார்.

பதிவறை வாஸ்கா எல்லாவற்றையும் அச்செடுத்து, தாளுக்கு ஒரு வட்ட முத்திரை குத்தினாள். வட்ட முத்திரை விழுந்த தாளை மாற்ற எங்கள் நாட்டில் எவருக்கும் அதிகாரமில்லை. கடவுள் மனு போட்டால் பரிசீலிப்பார்கள்.

அதற்கப்புறம்தான் நான் பார்த்தேன்.

"ஐயா, பாலத்தைக் காணோம்! கலங்கரை விளக்கம் நிக்குது! நமக்கு ஏதுங்கய்யா கடல்?"

"பாலத்துல பத்தொன்பது சொல்லுய்யா. விளக்குப் படத்துல ஒரு சொல்கூட இல்ல. விதிப்படி எது நிக்கும்? நீயே சொல்லு."

"மாத்திடலாங்கய்யா."

"முத்திரை விழுந்தாச்சே!" என்று வாஸ்கா குறுக்கே வந்தாள். "இனி ஸ்லைடை மாத்த முடியாது. ஊரை வேணா மாத்திக்குங்க."

வெள்ளிக்கிழமை ஆணையம் வந்தது. தலைவி கராஸ்லாவோவா பனித்சாப் பலகாரத்தைப் பிட்டுத் தின்றுகொண்டே, உதிர்ந்த பாலாடைக்கட்டித் துணுக்குகளை எங்கள் ஸ்லைடால் ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கடல் எங்க இருக்கு?" என்றார் ஓர் உறுப்பினர்.

"அது இரண்டாம் கட்டம்," என்றார் தலைவியே. உறுப்பினர் குறித்துக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன்.

"மேடம், பாலம்..."

"எந்த ஸ்லைடுல இருக்கு?"

"ஸ்லைடுல இல்லீங்க. ஆத்துல இருந்துச்சு. இப்ப அங்கயும் இல்ல."

"இல்லாததைப் பத்தி ஆணையம் விவாதிக்காது. உட்காருங்க."

உட்கார்ந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

அடுத்த கோடைக்குள் ஆற்றங்கரையில் கலங்கரை விளக்கம் எழும்பிவிட்டது. மேயர் நாடா வெட்டினார். ஊரே கைகோத்து வட்டமாக ஆடியது. துணை மேயர் எங்கள் ஸ்லைடுகளை அதே தளத்தில் ஏற்றினார்; எண்பதாயிரம் பேர் பார்த்து, மலையூர்கள் இரண்டு தங்களுக்கும் விளக்கு வேண்டும் என்று எழுதியிருக்கின்றன. என்னைக் கலங்கரை விளக்கப் பொறுப்பு அலுவலராக உயர்த்தினார்கள். மறுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். மேசைமேல் எனக்கே எனக்கென்று ஒரு வட்ட முத்திரை இருந்தது. பளபளவென்று.

நேற்றுச் சாயங்காலம் யானா சேற்று ஷூவோடு விளக்கு அறைக்கே வந்தாள். பாலம் எப்ப என்று கேட்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, 'என் ஊருக்கு வேண்டியது'ன்னு ஸ்லைடு பண்ணச் சொன்னாங்க. டீச்சர் முழு மதிப்பெண் போட்டாங்க!"

வாங்கிப் பார்த்தேன். கடல், அலை, விளக்கு, பறந்து வரும் அம்புகள். எல்லாம் எங்கள் படங்கள்.

"பாலம் எங்கடி கண்ணு?"

"முதல்ல வெச்சிருந்தேன்பா. அஞ்சு சொல்லுக்கு மேல போயிடுச்சு. எடுத்துட்டேன்."

அவள் தாளை மேசைமேல் பரப்பி, நீவிவிட்டு, முத்திரையை என் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

"குத்துப்பா."

குத்தினேன்.