மேலே போகாத அம்புக்குறி

கிருமிக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்த பெருமை, உலகத்துப் படைகளிலேயே ஒரேயொரு படைப்பிரிவுக்குத்தான் உண்டு. ஊரெல்லாம் கொள்ளைநோய் ஆள் பார்க்காமல் தொற்றிக்கொண்டிருந்த காலத்தில், அந்த முகாமில் மட்டும் அது பதவி பார்த்து நடந்துகொண்டது. சிப்பாய்க்கு வந்தது, டிரைவருக்கு வந்தது, சலவைக்காரருக்கு வந்தது. அதிகாரிகள் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்தச் சாதனைக்குக் காரணம் 'தொடர்பு கண்டறியும் பிரிவு'. பழைய உடற்பயிற்சிக் கூடத்தில், ஓரம்கட்டிய பளுதூக்கும் கம்பிகளுக்கு நடுவே சில மேசைகள், சில தொலைபேசிகள், சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. யாருக்கு யாரிடமிருந்து நோய் வந்தது என்று, நோயாளியிடமிருந்து நோய் தந்தவரை நோக்கிப் பலகையில் அம்புக்குறி போடுவதுதான் வேலை. அதில் கெட்டிக்காரி, சுகாதாரப் பிரிவின் பெண் சார்ஜென்ட் ஒருத்தி. யாரோடு டீ குடித்தாய் என்று ஆரம்பித்து, யாரோடு சண்டை போட்டாய் என்பதுவரை கறந்துவிடுவாள். அதனால் முகாமில் அவளுக்கு 'மோப்பம்' என்று பேர்.

பிரிவுக்கு ஒரே ஒரு விதி இருந்தது. தன்னைவிடப் பதவியில் உயர்ந்தவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் அது விசாரணை. விசாரணை மேலதிகாரியின் உரிமை. ஆகவே அம்புக்குறி பக்கவாட்டில் போகலாம், கீழே போகலாம், மேலே மட்டும் போகாது. ஒழுக்கம் என்றால் இதுதான்.

ஒருநாள் அதிகாரிகளின் சமையல்காரருக்குக் காய்ச்சல் வந்தது. மோப்பம் போன் போட்டாள்.

"அண்ணே, மாஸ்க் இல்லாம உங்க பக்கத்துல யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா. கர்னல்தான் வந்தாரு."

"கர்னல் 'யாராவது'ல சேர்த்தி இல்லையா?"

"அவரைப் போய் யாரோன்னு சொல்ல முடியுமா? வந்தாரு, மாஸ்கைத் தாடைக்கு இறக்கினாரு, கரண்டியில சூப்பை எடுத்துக் குடிச்சுப் பாத்தாரு. உப்பே இல்லன்னாரு. அதே கரண்டிய என்கிட்ட நீட்டி, நீயே பாருன்னாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"உத்தரவாச்சே. உப்பு சரியாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நாளாவே அவருக்கு எதுலயும் உப்பில்லம்மா. தும்மல் வேற. தூசியாம்."

மோப்பத்துக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. நேரே பிரிவுத் தலைவரான மேஜரிடம் போனாள். மேஜர் தினமும் மாலையில் கர்னலோடு ஒரே மேசையில் சீட்டாடுபவர். ஆட்டத்தில் தோற்றுத் தோற்றே பதவி உயர்வு பெற்றவர் என்று பேச்சு.

"சார், கர்னலுக்கு டெஸ்ட் எடுக்கணும். அவருக்கு ருசி தெரியல."

"அவருக்கு எப்பவுமே ருசி தெரியாது. அது நோய் இல்ல, சுபாவம்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே சார்."

"அவரைக் கேக்கணும்னா ஜெனரல்தான் கேக்கணும். ஜெனரலைக் கேக்கச் சொல்றதுக்கு நீ யாரு, நான் யாரு?"

மேஜர் எழுந்துபோய், பலகையின் உச்சியில் சமையல்காரர் பெயரை எழுதி, கட்டம் கட்டி, 'முதல் நோயாளி' என்று போட்டார். விஞ்ஞானம் அத்துடன் முடிந்தது.

மோப்பத்தின் கவலை விஞ்ஞானத்தைப் பற்றியது அல்ல. முகாமுக்குப் பின்புறம் ஓய்வுபெற்ற படைவீரர் இல்லம் இருந்தது. கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, கடைநிலைச் சிப்பாயாகவே ஓய்வு பெற்ற அவள் அப்பா அங்கேதான் இருந்தார். முகாமின் 'ஒழுக்க வெற்றி'யைக் கொண்டாட வெள்ளிக்கிழமை கர்னல் அங்கே போய், ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது.

"அப்பா, வெள்ளிக்கிழமை வெளிய வராதீங்க. ரூம்லயே படுத்துக்குங்க."

"கர்னல் கைகொடுக்க வர்றாரு, நான் படுத்துக்கிடக்கறதா? பட்டனெல்லாம் தேச்சு வெச்சாச்சு."

"ஏற்கெனவே உங்களுக்கு நுரையீரல் சரியில்லப்பா."

"நுரையீரல்தாம்மா சரியில்ல. முதுகு நேராத்தான் இருக்கு."

போனை வைத்தவள் அன்று சாப்பிடப் போகவில்லை.

வியாழக்கிழமை கர்னல் பிரிவைப் பார்வையிட வந்தார். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்தபடி பலகையை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு இது, உச்சியில?"

"சமையல்காரர் சார்," என்றார் மேஜர்.

"என் முகாம்ல, என் பலகையில, சமையல்காரன் உச்சியிலயா? என் பேரு எங்க?"

"சார், இது வந்து... நோயாளிங்க பலகை..."

"எந்தப் பலகையா இருந்தா என்னய்யா? படையில வரிசை ஒண்ணுதான்."

மோப்பம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். "எங்க தப்புதான் சார். உத்தரவு குடுத்தா இப்பவே சரி பண்ணிடறேன்."

"பண்ணு."

கர்னலின் பெயர் உச்சியில் ஏறியது. அங்கிருந்து ஓர் அம்புக்குறி, விதிப்படியே, அழகாக இறங்கிச் சமையல்காரரிடம் வந்தது. பிறகு அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சத்தமாகப் படித்தாள்: "பலகையில் பெயர் ஏறியவர் எவராயினும் உடனடியாகத் தனிமை அறைக்குச் செல்ல வேண்டும்." கீழே இருந்த கையெழுத்து கர்னலுடையது. தன் கையெழுத்தைத் தானே மீறும் வழக்கம் அவருக்கு இல்லை. போனார். சூப் சொன்னதையே பரிசோதனையும் சொன்னது.

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். வேலை மட்டும் பாக்கியிருந்தது.

"கர்னல் யார் யாரோட பழகினாருன்னு கேக்கணும் சார்."

"யாரு கேக்கறது? நானே அவருக்குக் கீழதானே," என்றார் மேஜர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "விழா நடக்கும். அவருக்குப் பதிலா போறது யாருன்னு மேலிடம் முடிவு பண்ணும்."

அந்த ஆள் யார் என்பது, மறுநாள் மாலை அப்பா போன் செய்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கர்னல் வரலம்மா. உங்க மேஜர்தான் வந்தாரு. தங்கமான மனுஷன். பிடிச்ச கைய விடவே இல்ல. நடுவுல தும்மல் வந்துச்சு, அப்பவும் விடலயே."



அடுத்த வாரம் இல்லத்தில் பாதிப்பேர் படுக்கையில் இருந்தார்கள். தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு, மோப்பம் தன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"உங்க பக்கத்துல யாராவது வந்தாங்களா?"

ஆக்ஸிஜன் மாஸ்குக்குள்ளிருந்து பதில் வர நேரமாயிற்று. "யாரும் வரலம்மா."

"மேஜர் வந்தாரேப்பா."

"அவரை எதுக்கு இழுக்கற? பாவம், பெரிய மனுஷன். என் பேரையே எழுதிக்கோ."

அவளுடைய முகக் கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. அந்த உடையில் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. திரும்பி வந்தவள், மேஜரின் பெயரை மேலே எழுதி, அப்பாவின் பெயரிலிருந்து அதற்கு, பலகையை அழுத்திக் கீறி, மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டாள். மறுநாள் காலையில் அந்த இடம் துடைத்த இடமாக இருந்தது. பக்கத்தில், முகாமின் 'ஒழுக்க வெற்றி'க்கு மேலிடம் அனுப்பிய பாராட்டுப் பத்திரம் தொங்கியது.

பாராட்டில் பொய் எதுவும் இல்லை. அந்த முகாமில் கிருமி கடைசிவரை ஒழுக்கம் தவறவே இல்லை. மற்ற உத்தரவுகளைப் போலவே மேலிருந்து வந்தது. கீழே இருந்தவர்கள் கீழ்ப்படிந்தார்கள்.